நுரை போகாத கிணறு

மச்சான், இது எல்லாவற்றையும் நான் அப்போதே சொன்னேன். இந்த நுரை நம்மை விட்டுப் போகாது என்று உங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்று, உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். இப்போது கம்பஸில் படித்தவர்கள் ஐஸ் பெட்டியோடு வந்து அதையேதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் சொன்ன உங்கள் மச்சினன் கண்ணால் பார்த்தே அறிந்ததை, அவர்கள் போத்தலில் அடைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பி, மெசினில் விட்டுத்தான் அறிந்தார்கள்.

இன்று காலை குறிஞ்சாக்கேணியில் ஓர் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, களப்பின் உப்புநீர் ஓரத்தில் நுரை ஒதுங்கிக் கிடந்தது. காற்று பலமாக அடித்தால் எப்போதும் ஒதுங்குவதுதான். சிறுவயதில் அதை அள்ளி ஒருவர் முகத்தில் ஒருவர் எறிந்து விளையாடியவர்கள் நாங்கள். இன்றைக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். களப்பு நுரை வேறு, உங்கள் நுரை வேறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போதெல்லாம் தேத்தண்ணி ஆற்றும்போது கோப்பையில் எழும்புகிற நுரையைக் கண்டால்கூட ஒரு நிமிடம் கை நின்றுவிடுகிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல ஏலாது. ஊரில் எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

துறைமுகப் பக்கம் எண்ணெய் வைத்திருந்த அந்தக் கம்பெனி இப்போது இல்லை. ஆனால் அதன் தீயணைக்கும் ஆட்களில் ஒருவராக நீங்கள் சப்பாத்தும் தொப்பியும் போட்டு நின்ற கோலம் என் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. பயிற்சி நாளில் ஒருதரம் என்னையும் கூட்டிப்போனீர்கள். வெட்டை வெளியில் பழைய எண்ணெயை ஊற்றிக் கொளுத்தினார்கள். தீ இரண்டு தென்னை உயரத்துக்கு எழும்பியது. நீங்கள் இருந்தால் ‘ஒரு வாழை உயரம்’ என்று குறுக்கே வருவீர்கள். இல்லாத நேரத்தில் நான் தென்னை என்றே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் குழாயைத் திருப்பினீர்கள். வெள்ளை வெளேரென்று நுரை போய் அந்தத் தீயின்மேல் போர்வை போலப் படுத்தது. தீ ஒரு சத்தமும் போடாமல் செத்தது. அதைப் பார்த்தபோது என் மேனி புல்லரித்தது, மச்சான். என் தங்கச்சியைச் சரியான ஆளுக்குத்தான் கட்டிக்கொடுத்தோம் என்று நினைத்தேன்.

மிஞ்சிய நுரைத் தைலம் பிளாஸ்டிக் கானில் வீட்டுக்கு வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னம் கிணற்றடியில் உங்கள் மோட்டார் சைக்கிளுக்குக் குளிப்பாட்டு நடக்கும். ஒரு மூடி தைலம் விட்டால் வாளி நிறைய நுரை. அக்கம்பக்கத்தார் தங்கள் சைக்கிளையும் மீன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். நீங்கள் ஒருவருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. உங்கள் மகள் நஸ்ரின் அப்போது சின்னப் பிள்ளை. நுரையை அள்ளி நாடியில் தாடி போல ஒட்டிக்கொண்டு, “வாப்பா, நான் லெப்பை!” என்பாள். நீங்கள் சைக்கிளை விட்டுவிட்டு, “லெப்பை, எங்களுக்கு ஒரு துஆ ஓதுங்க!” என்று இரண்டு கையையும் ஏந்துவீர்கள். அவள் வாய்க்குள் நுரை போய்த் துப்புவாள். தெருவே சிரிக்கும்.

அப்படியொரு நாளில்தான் நான் சொன்னேன். “மச்சான், எத்தின வாளி ஊத்தியும் இந்த நுரை போகுதில்லயே. மண்ணுக்குள்ள போனா எப்பிடிப் போகும்?”

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தீக்கே பயப்படாத சாமான், உங்கட வாய்க்குப் பயப்படப் போகுதா?” என்றீர்கள்.

அந்தத் தைலத்துக்குள் இருந்தது மனிதன் செய்த ஒரு ரசாயன மருந்துச் சாமான். வெயிலுக்கும் அழியாது, மண்ணுக்கும் அழியாது, நெருப்புக்கே அழியாது. ஒரு தரம் கிணற்றுக்குள் இறங்கினால் இருக்கும். தண்ணீரோடு மனிதனுக்குள் இறங்கினால் ரத்தத்திலும் வருசக்கணக்காக இருக்கும். இதை எனக்கு விளக்கியது தர்ஷினி. டவுனில் பிறந்த பிள்ளை. தண்ணீரிலும் ரத்தத்திலும் அந்தச் சாமான் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. உங்கள் பழைய கம்பெனி ஆட்கள் இருக்கிற தெருக்களைத் தேடித்தேடி வந்தார்கள். எங்கள் பக்கம் அவர்களை ஏற்றி இறக்கியது என் ஆட்டோ. ஆகவே இந்த ஆராய்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

கந்தளாய்க் குளத்தில் ஒரு சீனிக்கல்லைப் போட்டாலும் அந்த மெசின் பிடித்துவிடும் என்று தேத்தண்ணிக் கடையில் நான் விளக்கினேன். பக்கத்தில் இருந்த தர்ஷினி, “அவ்வளவுக்கு இல்ல அங்கிள்” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா நீங்க சொல்றது பெரிய பிழையும் இல்ல” என்றாள். பார்த்தீர்களா?

அவ்வளவு நுணுக்கமான மெசின் என்பதால் அவளுக்கு எல்லாமே பயம். மழைச் சட்டை போடமாட்டாள், முகத்துக்குப் பூச்சு இல்லை, துவைத்துத் துவைத்து நூல் தெரிகிற பருத்திச் சட்டைதான். மழை நனையாத சட்டையிலும், ஒட்டாத தாச்சிச் சட்டியிலும், குழாய் மூட்டில் சுற்றுகிற வெள்ளை நாடாவிலும் இதே சாதிச் சாமான் இருக்கிறதாம். முதல் நாள் நான் ஜும்ஆ முடிந்து அத்தர் பூசிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

“அங்கிள், குறை நினைக்காதீங்க. கொஞ்சம் அங்கால நில்லுங்க.”

“இது மக்காவில இருந்து வந்த அத்தர், பிள்ள.”

“எங்க இருந்து வந்தாலும் மெசினுக்குத் தெரியாது அங்கிள்.”

இன்னொரு கூத்து. அவள் பெட்டிக்குள் இருந்து சுத்தமான தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, கிணற்றடியில் வைத்துத் திறந்தாள். அதை இன்னொரு வெறும் போத்தலுக்கு மாற்றி மூடினாள். “கிண்ணியாவுக்குத் தண்ணி காட்ட வந்திருக்கிறாள்” என்று கடையில் ஒரே நக்கல். அந்தப் போத்தலில் சாமான் தென்பட்டால் அது கையில் இருந்தோ உடுப்பில் இருந்தோ வந்தது, கிணற்றில் இருந்து வந்ததல்ல என்று அர்த்தமாம். அளக்கிறவன் முதலில் தன்னையே அளந்து பார்க்க வேண்டுமாம். அதைக் கேட்டபிறகு நான் நக்கலை விட்டுவிட்டேன்.

இனித்தான் விசயம். விடியற்காலையில் முதல் இறைக்கிற தண்ணீர் வேண்டும் என்று சொல்லி, வீட்டுக்கு ஒரு போத்தல் கொடுத்துவிட்டுப் போனார்கள். உங்கள் வீட்டில் அதை வாங்கியது ஜெமிலா. என் தங்கச்சி எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த நாள் எல்லாப் போத்தலும் ஐஸ் பெட்டியில் ஏறிப் போயின. சில காலம் கழித்து முடிவு வந்தது. எங்கள் தெரு சுத்தம்! ஒரு கிணற்றிலும் ஒன்றும் இல்லை!

அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தை எப்படி எழுத? நஸ்ரின் அப்போது பிள்ளை பெற்று நாற்பது முடித்து உங்கள் வீட்டில்தான் இருந்தாள். உங்கள் பேரன், மச்சான். நீங்கள் காணாத பேரன். அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, “எங்கட கிணறு மக்கத்து ஸம்ஸம் மாதிரி!” என்று நான் கத்தினேன். ஜெமிலா அண்ணனென்றும் பாராமல், “காக்கா, நாக்கை அடக்குங்க” என்றாள். அவள் முகத்தில் மட்டும் ஏனோ சிரிப்பு இல்லை.

காரணம் தர்ஷினி திரும்பி வந்தபோது தெரிந்தது. அவள் குசினி வாசலில் நின்று, “மாமி, உங்கட கிணத்துத் தண்ணி உப்பா?” என்று கேட்டாள்.

“ஓம், சவர்தான்.”

“போத்தல்ல வந்த தண்ணியில சவர் இல்ல. இந்தத் தெருவில எந்தப் போத்தல்லயும் இல்ல. எல்லாம் ஒரே தண்ணி மாதிரி இருக்கு.”

ஜெமிலா தலையைக் குனிந்தாள். பிறகு கோபம் வந்தது அவளுக்கு. “வீட்டுக்கு வந்தவங்களுக்குச் சவர்த்தண்ணியக் குடுக்கிறதா, பிள்ள? மானம் போகாதா? பள்ளிவாசலுக்குப் பின்னால நல்ல தண்ணிக் கிணறு இருக்கு. அதில அள்ளித்தான் நிரப்பினனான்.”

தெரு முழுவதும் அதையேதான் செய்திருந்தது. ஒருத்தியை ஒருத்தி கேட்கவும் இல்லை. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நமக்கென்றால் நம் கிணறு. விருந்தாளிக்குத் தேத்தண்ணி என்றால் நல்ல தண்ணிக் கிணறு. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் அது வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு என்று பழைய பழக்கம் விடவில்லை. தெரு முழுவதும் கூடி ஒரே கிணற்றைத் திரும்பத் திரும்ப அளக்கக் கொடுத்திருக்கிறார்கள்! அந்தப் பிள்ளை சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் போத்தலைக் கண்டதுமே சந்தேகப்பட்டேன். சொல்லாமல் விட்டது என் பெருந்தன்மை.

இரண்டாம் முறை அவளே இறைத்தாள். விரும்பினவர்களிடம் ரத்தமும் எடுத்தார்கள். நஸ்ரின் தானாகவே கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது பார்த்துக்கொண்டே கேட்டாள்: “மிஸ், இது பால்லயும் வருமா?”

தர்ஷினி பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. “ஓம், கொஞ்சம் வரும்” என்றாள். “ஆனா நஸ்ரின், அதுக்காகப் பால நிப்பாட்ட வேணாம். டொக்டரோட கதைச்சுட்டு முடிவெடுங்க.”

முதல் பாதி மட்டும்தான் உங்கள் மகளின் காதில் ஏறியது.

அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது. ஜெமிலா தண்ணீரை ஒருதரம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடியும் கொதிக்க வைத்தாள். கொதித்தால் கிருமிதான் சாகும், இந்தச் சாமான் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் இறுகும் என்று தர்ஷினி சொன்ன பிறகும் அவள் கை நிற்கவில்லை. அடுப்படியில் நின்று ஆவியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நஸ்ரின் பிள்ளையின் நகத்தைப் பார்ப்பாள், நாக்கைப் பார்ப்பாள், தொட்டிலில் காதை வைத்து மூச்சைக் கேட்பாள். நான் ஆட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டு தோப்பூருக்குப் போகிறேன் என்று மூதூரிலேயே நின்றுவிட்டேன் ஒருநாள். ஏறினவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

முடிவு வந்தது. பள்ளிக்குப் பின்னால் உள்ள கிணறு சுத்தம்தான். உங்கள் கிணற்றில் இருக்கிறது. பக்கத்து இரண்டு வீட்டிலும் இருக்கிறது. நஸ்ரினின் ரத்தத்தில் இருக்கிறது. மற்றவர்களைவிடக் கூட.

மச்சான், உங்களைக் கொண்டுபோன கிட்னிப் பழுது இதனால் வந்ததா என்று நான் ஆஸ்பத்திரி டொக்டர் அம்மாவிடம் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். “ஒரு ஆளைக் காட்டி இதனாலதான் எண்டு சொல்ல ஏலாது. இல்ல எண்டும் சொல்ல ஏலாது” என்றார். இரண்டுக்கும் நடுவில் எங்களை நிற்க விட்டுவிட்டார். அவர் நல்லவர். நஸ்ரினை உட்கார வைத்து, தாய்ப்பாலில் இருக்கிற நன்மை அந்தச் சாமானின் கெடுதியை விடப் பெரிது, பால் கொடு, கிணற்றை மட்டும் விடு, பிறகு திரும்ப ரத்தம் பார்ப்போம் என்று பொறுமையாகச் சொன்னார். நஸ்ரின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பால்மாப் பெட்டி வாங்கிவரச் சொன்னாள்.

பிள்ளை போத்தலை வாயில் எடுக்கமாட்டேன் என்கிறான். முகத்தைத் திருப்பித் திருப்பிக் கத்துகிறான். பிள்ளை கத்தக் கத்த அவளுக்குத் துணி நனைகிறது. அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுகிறாள். ஜெமிலா கெஞ்சினாள், ஏசினாள். கத்தாரில் இருந்து மாப்பிள்ளை போனில், “டொக்டர் சொன்னதைக் கேளுங்களேன்” என்றார்.

“டொக்டர்ட வாப்பாவா மௌத்தானது?” என்றாள் உங்கள் மகள். “என்ட வாப்பாவத் திண்டது என்ட உடம்புக்குள்ள இருக்கு. அதை என்ட கையாலயே இவன்ட வாயில வைக்கவா?”

அப்போது பிள்ளையின் அழுகை தேய்ந்து ஒரு முனகலாக வந்தது. கத்துவதைவிட அந்த முனகல் எனக்குப் பயமாக இருந்தது.

நான் கதிரையை இழுத்து அவள் முன்னால் போட்டு உட்கார்ந்தேன். “மகள், உங்கட வாப்பா ஆஸ்பத்திரியில என்னட்ட ஒரு விசயம் சொன்னவர்” என்றேன்.

அவள் திரும்பினாள்.

“அவருக்கு இந்த நுரைட சங்கதி தெரியும். கூட வேலை செஞ்ச ஆக்கள் சொல்லி அறிஞ்சிருக்கார். உங்கட வயித்தில பிள்ளை இருக்கிற நேரம்தானே. டொக்டர்மாரிட்ட எல்லாம் கேட்டுட்டு, கடைசியில என்ட கையப் பிடிச்சுச் சொன்னவர்: ‘மச்சான், நாளைக்கு மகள் பயந்து பால நிப்பாட்டுவாள். அவளை எனக்குத் தெரியும். நிப்பாட்ட விடாதீங்க. நான் சொன்னதா சொல்லுங்க.’”

“மெய்யா மாமா? வாப்பா சொன்னவரா?”

“பின்ன? எனக்கு இவ்வளவு வடிவாக் கதைக்கத் தெரியுமா?”

“சத்தியம் பண்ணுங்க.”

நான் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்துக் காதில் வைத்து, “ஹலோ, ஓம், வாறன்” என்று சொல்லிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினேன். போன் அடிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே முனகல் நின்றது. பிள்ளை மூச்சுத் திணறத் திணற விழுங்குகிற சத்தம் கேட்டது. ஜெமிலா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். நான் ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்து, அது ஸ்டார்ட் ஆகவில்லை என்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

இப்போது விடிந்ததும் பள்ளிக்குப் பின்னால் உள்ள கிணற்றில் கான்களை நிரப்பி உங்கள் வீட்டில் இறக்குவது என் வேலை. பக்கத்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்து. உங்கள் கிணற்றுக்குப் பலகை போட்டு மூடியாகிவிட்டது. உங்கள் வீட்டில் இப்போது எல்லாரும் விருந்தாளிகள். பேரன் கழுத்தே தெரியாமல் கொழுத்துவிட்டான். ஆனாலும் இன்னொரு முறை ரத்தம் பார்க்க இருக்கிறார்கள். தர்ஷினியின் பெயர் போனில் தெரிந்தால் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுத்தான் எடுக்கிறேன். அளவு இறங்கியிருக்குமா, நின்ற இடத்தில் நிற்குமா? பிள்ளை இருமினாலும் எனக்குக் கணக்கு ஓடுகிறது. டொக்டர் அம்மா சொன்னதுதான் சரி என்று புத்திக்குத் தெரியும். அவர் சொன்னதைத்தான் நான் வேறு வாயில் வைத்தேன். ஆனால் அந்த வாய் உங்களுடையது அல்லவா?

நஸ்ரின் அதோடு விடுவதாயில்லை. தண்ணீர் இறக்கும்போதெல்லாம் கேட்கிறாள்: “மாமா, வாப்பா வேற என்ன சொன்னவர்?” நானும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் சொல்கிறேன். பேரனுக்கு நீங்கள் பெயர் யோசித்து வைத்திருந்தீர்கள். அவனைத் துறைமுகம் பார்க்கக் கூட்டிப்போகச் சொன்னீர்கள். எதற்கும் பயப்பட வேண்டாம் என்றீர்கள். நீங்கள் உயிரோடு இருந்தபோது இவ்வளவு கதைத்ததே இல்லை, மச்சான்.

அதனால் உங்களிடமாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நுரையைப் பற்றியும் சொல்லவில்லை, பாலைப் பற்றியும் சொல்லவில்லை. அதை நான்தான் கட்டினேன். அது பிழையாகிப்போனால் பிழை என்னுடையது. உங்கள் பெயரில் எழுத வேண்டாம். அன்றைக்கு நீங்கள் என் கையைப் பிடித்தது மெய். உங்களுக்கு அளந்துதான் தண்ணீர் கொடுத்தார்கள். உதடு வெடித்திருந்தது. ஆஸ்பத்திரித் தண்ணீர் தொண்டையில் இறங்குதில்லை என்று சொல்லி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

“எங்கட கிணத்துத் தண்ணி ஒரு மிடறு.”

இதை நான் அவளுக்கு எப்படிச் சொல்ல?